ஊறுகாய் ஜாடிப் பவளம்

எஸ்தர் கொளத்தூர் வண்ணமீன் கடையில் தொட்டி கழுவுகிறவள். வண்ணமீன் கண்காட்சிக்கு ஊறுகாய் ஜாடியில் கடல்நீர் நிரப்பி, உயிருள்ள பவளம் ஒன்றைக் கொண்டுவந்தாள். இருமல் மருந்து பாட்டிலில் பஞ்சைத் திணித்து, காற்றுக்குழாய் சொருகி, அவளே செய்த வடிகட்டி அதில் ஓடியது.

கண்காட்சியை நடத்தும் சங்கத்தின் தலைவர் தாமோதரனும் அங்கே பவளத் தொட்டி வைத்திருந்தார். அவருடைய வடிகட்டி வெளிநாட்டுச் சரக்கு. அதைப் பற்றி மைக்கில் அரைமணி நேரம் பேசியும் இருந்தார்.

"இதுக்குப் பேரு வடிகட்டியா? சுத்தம்னா ஒரு தம்ளர் குடிச்சுக் காட்டு. இல்லேன்னா ஜாடியத் தூக்கிட்டுக் கெளம்பு" என்றார்.

"குடிக்கிறேன் சார். பெரியவங்க நீங்க முதல்ல உங்க தொட்டித் தண்ணியக் குடிச்சுக் காட்டுங்க."

கூட்டம் பார்க்கிறதே! தலைவர் ஒரு தம்ளர் மொண்டு மடமடவென்று குடித்தார். "பாத்தியா? இளநீர் மாதிரி இருக்கு!" என்று மீசையைத் துடைத்துக்கொண்டார்.

எஸ்தர் தன் ஜாடியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"என்னுது உப்புக் கரிக்குது சார். கடல் தண்ணி இல்லேன்னா பவளம் செத்துடும். உங்களுது மட்டும் எப்படி சார் இளநீர்ல வாழுது?"

யாரோ தலைவரின் தொட்டிக்குள் கைவிட்டுப் பவளத்தைப் பிடுங்கினார்கள். பிடியை விட்டதும் அது தக்கை மாதிரி மிதந்தது.

வெளிநாட்டு வடிகட்டி இத்தனை நாளும் பிளாஸ்டிக்கைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.