கத்தரிக்காயின் நாடி

"நீ எவன்னு எனக்குத் தெரியாது. ஆனா சாக வேண்டியதைச் சாகவிடாம பிடிச்சு வச்சவன் நீதான்டா!"

தணிகாசலம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கத்தினார். திரையில் நாலு வரி ப்ரோக்ராம். எழுதியவன் பெயர் இல்லை.

அம்பத்தூரில் சின்னப் பட்டறை. நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் மெஷின் செய்கிறார்கள். தணிகாசலம் டிவி ரிப்பேரில் அடிபட்டு அடிபட்டு முதலாளி ஆனவர். ஐம்பத்திரண்டு வயதில் ப்ரோக்ராம் படிக்கிறார். சொல்லிக்கொடுக்கும் ருக்கையாவுக்கு அவர் மகள் வயதுதான். டீச்சர் என்றே கூப்பிடுவார்.

மேஜைமேல் இருந்த மெஷின் எழுபத்திரண்டு காட்டியது. அதன் கிளிப் யார் விரலிலும் இல்லை.

ருக்கையா தன் காய்கறிப் பையிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்து, காம்பில் கிளிப்பை மாட்டினாள்.

எழுபத்திரண்டு.

கிளிப்பின் வயரையே பிடுங்கினாள்.

எழுபத்திரண்டு.

"போதும் டீச்சர்."

"மெஷினோட மெமரி கெட்டதும் ப்ரோக்ராம் என்ன பண்ணுச்சு அண்ணே?"

"அபார்ட்டைக் கூப்பிட்டுச்சு, அதான் தன்னைத்தானே நிறுத்திக்கிற கட்டளை. இனிமே என்னை நம்பாதீங்கன்னு சாகப் போச்சு."

"செத்திருந்தா?"

"அலாரம் அடிச்சிருக்கும். நர்ஸ் ஓடி வந்திருப்பாங்க."

"அபார்ட்டுக்குப் போன ப்ரோக்ராம் திரும்பி வருமா?"

"வராது. ஆனா சாகறதுக்கு முன்னாடி சி லைப்ரரி, அதான் அடியில இருக்கிற ரெடிமேட் ப்ரோக்ராம், நாம எழுதி வச்ச ஒருத்தனைக் கடைசியாப் பேச விடும். அவன் என்ன பேசினாலும் சரி, முடிச்சதும் கதை முடிஞ்சுது."

"இவன், இந்த நாலு வரி?"

"முடிக்கவே இல்லை. பேச்சுக்கு நடுவுல எகிறிக் குதிச்சு, பழைய இடத்துக்கே ஓடிட்டான். கெட்டுப்போன மெமரியோட. அதான் கடைசி நம்பரையே காட்டிட்டு நிக்குது."

தணிகாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒண்ணு பண்ணலாம். மூணு தடவை குதிக்கட்டும். நாலாவது தடவை சாகட்டும். சும்மா சும்மா அலாரம் அடிச்சா ஆஸ்பத்திரிக்காரன் மெஷினைத் திருப்பிக் குடுத்துடுவான். பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்."

அவள் கத்தரிக்காயை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"சரி, ரெண்டு. அட, ஒண்ணே ஒண்ணு!"

"ஆஸ்பத்திரி வார்டுல நம்ம மெஷின் எத்தனை?"

"பன்னிரண்டு."

"ஃபோன் போடுங்க."

ஸ்பீக்கரில் நர்ஸ் ஒவ்வொரு மெஷினாகப் படித்தாள். எண்பத்தொண்ணு. தொண்ணூத்தாறு. அறுபத்தேழு.

"ஒன்பதாம் பெட், எண்பத்தெட்டு."

பிறகு குரல் இறங்கியது.

"சார்... அவரைக் காலையிலயே ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களே. பெட்டு காலியா இருக்கு சார்."

ருக்கையா ஃபோன் பக்கம் குனிந்தாள். "சிஸ்டர், மெஷினைப் பார்க்காதீங்க. எல்லாருக்கும் கையால நாடி பிடிச்சுப் பாருங்க. உடனே."

தணிகாசலம் ஃபோனை வைத்தார். "எந்தப் பாவி எழுதினானோ, அவனே வந்து சரி பண்ணட்டும் டீச்சர்."

"எழுதினவரை நான் கேக்கலை அண்ணே. அந்த நாலு வரியைப் படிச்சு, புரிஞ்சுக்கிட்டு, அதுக்கப்புறமும் பேரம் பேசினாரே ஒருத்தர். அவர் எழுந்து போய்ப் பன்னிரண்டையும் கழட்டிட்டு வரட்டும்."