கல்கௌதாரி சுமந்த தண்ணீர்

கள்ளிக்குட்டைக்கு மேற்கே, கருவேல மரங்களும் சூரைப் புதர்களும் நிறைந்த காட்டில், பொட்டலான் என்ற கல்கௌதாரி வாழ்ந்து வந்தது. புறா அளவு உடம்பு. மண்ணின் நிறம். தரையில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால், கல் எது, பொட்டலான் எது என்று யாருக்கும் தெரியாது.

ஆண் கல்கௌதாரிகளுக்கு ஒரு வரம் உண்டு. அவற்றின் வயிற்று இறகுகள் பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குட்டையில் சற்று நேரம் அமிழ்ந்து எழுந்து, காத தூரம் பறந்து போனாலும், குஞ்சுகள் அந்த இறகுகளை உறிஞ்சித் தாகம் தீர்த்துக்கொள்ளும்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பங்குனி முடிவதற்குள் கள்ளிக்குட்டை வற்றி, நடுவில் ஒரே ஒரு மடுவாகச் சுருங்கிப் போனது. காட்டிலேயே வயதில் மூத்த மிளா மான் எல்லோரையும் கரையில் கூட்டியது. நடக்க முடிந்தவர்கள் முறை வைத்து வந்து குடிக்க வேண்டும், யாரும் மடுவைக் கலக்கக் கூடாது, பொழுது சாய்ந்த பிறகு நரி காவல் இருக்கும் என்று முடிவாயிற்று. நடக்க முடியாதவர்களுக்குப் பொட்டலான் தண்ணீர் கொண்டு போகும்.

அப்படிப்பட்டவர்கள் யார் யார் என்று மிளா கேட்டது. முள் தைத்துக் கால் வீங்கிக் கிடக்கும் கிழ முயலைக் கீரி சொன்னது. முட்டைகளை விட்டு எழ முடியாத வானம்பாடியை மைனா சொன்னது. அவரவர் தமக்குத் தெரிந்தவர்களைச் சொன்னார்கள். தெரியாதவர்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலையிலிருந்து பொட்டலான் பறக்கத் தொடங்கியது. முதலில் முயல், பிறகு வானம்பாடி. இரண்டும் வாயார வாழ்த்தின. பொட்டலானுக்கு அந்த வார்த்தைகள் தேன் போல இருந்தன. திரும்பி வரும்போது மனசு லேசாகி, இறக்கை தானாகவே பறந்தது.

நடுப்பொட்டலைக் கடக்கும்போது கீழே கானல் ஓடும். தரை முழுவதும் தண்ணீராகப் பளபளக்கும். மரங்கள் வேர் இல்லாமல் மிதக்கும். தான் பறப்பது வானத்திலா, ஏதோ ஒரு பெரிய ஏரியின் அடியிலா என்று பொட்டலானுக்கு மயக்கமாக இருக்கும்.

ஒரு நாள் அந்தக் கானலுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. சின்ன உருவம். உடம்பெல்லாம் ஓடு வேய்ந்தது போலச் செதில்கள். அது ஒரு பாறையை நக்கிக்கொண்டிருந்தது. பனி எப்போதோ காய்ந்துவிட்ட பாறை.

பொட்டலான் அருகே இறங்கியது. சின்ன உருவம் பயந்து பந்தாகச் சுருண்டுகொண்டது. பக்கத்துப் பொந்திலிருந்து தாய் வெளியே வந்தது. அது ஓர் அழுங்கு, எறும்புதின்னி.

“மன்னிச்சிருங்க ஐயா,” என்றது தாய். “குழந்தை தெரியாம வெளிய வந்துட்டான். நாங்க யார் வழிக்கும் வர்றதில்லை.”

பொட்டலானுக்கு ஒன்றும் புரியவில்லை. கால்கள் நன்றாகத்தானே இருக்கின்றன, குட்டைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டது. தாய் அழுங்கு தயங்கித் தயங்கிச் சொன்னது. மாசி மாதம் ஒரு நாள் அது குட்டைக்கு வந்திருக்கிறது. பார்த்ததுமே காட்டுப்பன்றி தன் குட்டிகளைப் பின்னால் இழுத்துக்கொண்டது. கரையான் தின்கிற வாய் பட்டால் தண்ணீர் நாறிவிடும் என்று மைனா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னது. எல்லோரும் குடித்து முடித்த பிறகு வா என்றது நரி. அழுங்கு புதர் மறைவில் காத்திருந்தது. ஒருவர் போனால் இன்னொருவர் வந்தார். எல்லோரும் குடித்து முடிக்கவே இல்லை. அதற்குப் பிறகு அது அந்தப் பக்கம் போகவில்லை.

“உங்க பேரு என்னம்மா?” என்று பொட்டலான் கேட்டது.

தாய் அழுங்கு நிமிர்ந்து பார்த்தது. வெகு நாளாக யாரும் அதை அப்படிக் கேட்டதில்லை.

“அல்லி. கள்ளிக்குட்டை நிறைய அல்லி பூத்த வருஷம் பிறந்தேனாம். இவன் சில்லு.”

மறுநாளே பொட்டலான் கரையில் விஷயத்தைச் சொன்னது. வராதவர்களுக்குத் தேவை இல்லை என்றுதானே அர்த்தம் என்றது நரி. மிளாவுக்குச் சண்டை பிடிக்காது. அது யோசித்து, அழுங்குக்கும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடு, இங்கே வரவழைத்து வம்பு எதற்கு என்றது. பொட்டலானுக்கும் அது நல்ல வழியாகவே பட்டது. இன்னும் ஒரு வீடு. இன்னும் ஒரு வாழ்த்து.

அன்றிலிருந்து அது தினமும் அந்தப் பொந்துக்குப் போனது. சில்லு தன் நீண்ட நாக்கால் ஈர இறகுகளை நக்கிக் குடிக்கும். குடித்து முடித்ததும், குட்டை எப்படி இருக்கும் மாமா என்று கேட்கும். பொட்டலான் சொல்லும். வானம் முழுவதும் இறங்கிவந்து தண்ணீரில் படுத்திருக்கும். மேகங்கள் மீன்களுக்கு மேலே ஊர்ந்து போகும். தும்பிகள் தங்கள் நிழலை முத்தமிட்டு முத்தமிட்டு எழும். விடியலில் தண்ணீரிலிருந்து புகை கிளம்பும், அந்தப் புகைக்குள் மிளா தலை நீட்டினால், கொம்புகள் மட்டும் தனியாக நடந்து போவது போல இருக்கும். கேட்டுக்கொண்டே சில்லு தாயின் வால்மேல் ஏறிப் படுத்துக் கண்களை மூடிக்கொள்ளும். பொந்து வாசலில் கானல் அலையடிக்கும். சொல்லும் பொட்டலானுக்கே தூக்கம் வரும்.

ஒரு நாள் சில்லு கேட்டது: “நானும் வரலாமா?”

“உனக்கு எதுக்குடா சிரமம்? நான்தான் கொண்டுவர்றேனே,” என்றது பொட்டலான்.

அல்லி பொட்டலானை ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தப் பார்வை வழி நெடுக உறுத்தியது. ஆனால் கரைக்கு வந்ததும், உன்னைப் போல உண்டா என்று மைனா புகழ்ந்தது. உறுத்தல் மறந்து போனது.

சித்திரை நடுவில் ஒரு காலை. பொட்டலான் நனைந்த வயிற்றோடு மடுவிலிருந்து எழும்பும்போது வல்லூறு ஒன்று மேலிருந்து பாய்ந்தது. பொட்டலான் உயிர் பிழைத்தது பெரும்பாடு. இடது இறக்கை கிழிந்து தொங்கியது. கரையில் விழுந்த அதன் வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கியது. அழுங்குக் குட்டிக்கான தண்ணீர்.

யாராவது போங்களேன் என்று அது கெஞ்சியது. கீரி ஓடிப்போய், முயலைப் பாதி தூக்கியும் பாதி இழுத்தும் மடுவுக்குக் கொண்டுவந்தது. மைனா வானம்பாடிக்கு அலகில் கொஞ்சம் எடுத்துப் போனது. பொட்டலைத் தாண்டி அழுங்குப் பொந்துக்குப் போக மட்டும் யாருக்கும் நேரம் இல்லை. அன்று போயிற்று. மறுநாளும் போயிற்று.

மூன்றாம் நாள், உச்சிவெயிலில், கானலுக்குள்ளிருந்து ஓர் உருவம் நடந்து வந்தது. முதலில் அது மிதந்து வருவது போல இருந்தது. பிறகு கால்கள் தெரிந்தன. பிறகு அதன் வால்மேல் ஒட்டிக்கிடந்த குட்டி தெரிந்தது.

காட்டுப்பன்றி குறுக்கே வந்து நின்றது. “இங்க எங்க வந்தே? தண்ணிதான் உன் வீடு தேடி வருதே?”

“ரெண்டு நாளா வரலை,” என்றது அல்லி. அதன் கால் பின்வாங்கவில்லை. “வந்தப்பவும் நான் எதிர்பார்த்தது தண்ணி மட்டும் இல்லை.”

நடக்க முடியாதவர்களுக்குத்தானே தண்ணீர் அனுப்புவதாகப் பேச்சு, இந்த அழுங்கு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறதே என்று நரி எல்லோரையும் பார்த்துக் கேட்டது. சிலர் தலையாட்டினார்கள்.

முகத்தைத் திருப்பிக்கொண்ட அல்லியின் அந்தப் பார்வைக்குப் பொட்டலானுக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. அது தொங்கிய இறக்கையைப் புழுதியில் இழுத்துக்கொண்டு நடந்து வந்து, அல்லியின் பக்கத்தில் நின்றது.

“இவங்க பேரு அல்லி. இந்தக் குட்டை நிறைய அல்லி பூத்த வருஷம் பிறந்தவங்க,” என்றது. “தப்பு என்மேலதான். தினமும் தண்ணி கொண்டுபோனேன். கொண்டுபோற பெருமையில, இவங்க ஏன் இங்க வர முடியலைன்னு உங்களை ஒரு நாளும் கேட்கலை. இந்தக் குழந்தை வரட்டுமான்னு கேட்டுச்சு. நான் வேண்டாம்னேன். இப்ப சொல்றேன், இவங்களுக்கு இங்க இடம் இல்லைன்னா எனக்கும் வேண்டாம்.”

பறக்க முடியாத பறவை அது. இந்த மடுவை விட்டால் அதற்கு வேறு தண்ணீர் கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும்.

காட்டுப்பன்றி சில்லுவையே பார்த்துக்கொண்டிருந்தது. குட்டியின் நாக்கு வெடித்து, வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பன்றிக்குப் பின்னால் அதன் ஐந்து குட்டிகள் ஈர மூக்கோடு நின்றிருந்தன. பன்றி ஒரு கால் பின்னே வைத்தது. பிறகு இன்னொரு கால். வழி திறந்தது.

மிளா தலையைத் தாழ்த்தியது. “வாம்மா. நான் முதல்லயே கூப்பிட்டிருக்கணும்,” என்றது.

அல்லி தண்ணீரில் இறங்கியது. சில்லு குடித்தது, மூச்சு வாங்கியது, மறுபடியும் குடித்தது. பிறகு தலையைத் தூக்கி மடுவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தது.

“மாமா, நீங்க சொன்ன குட்டை இதைவிடப் பெருசா இருந்துச்சே?”

கிழ முயல்தான் முதலில் சிரித்தது. பிறகு கீரி. பிறகு, எல்லோரும் ஆச்சரியப்படும்படி, பன்றியும் சிரித்தது. ஒளிந்து வாழ்ந்த அத்தனை மாதங்களின் புழுதியையும் அல்லி தன் செதில்களிலிருந்து மெல்ல மெல்லக் கழுவியது. தண்ணீர் நாறவில்லை. மைனா அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பறந்து போய் உட்கார்ந்தது.

மாலையில் மிளா மறுபடியும் கூட்டம் போட்டது. இந்தத் தடவை அது கேட்ட கேள்வி வேறு: “இங்க யாரெல்லாம் இல்லை?”

வெகுநேரம் யோசித்தார்கள். ஓடைச் சரிவின் உடும்பு நினைவுக்கு வந்தது. பாறைக்குப் பின்னால் தனியாக வசிக்கும் முள்ளெலி நினைவுக்கு வந்தது. விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு நடக்கக் கால் இருந்தது. வா என்று கூப்பிடத்தான் ஆள் இருந்ததில்லை. நரி முணுமுணுத்துக்கொண்டே போய் உடும்பைக் கூட்டிவந்தது.

ஆடியில் மழை வந்தது. பொட்டலானின் இறக்கை அதற்குள் கூடிவிட்டது. குட்டை மெல்ல மெல்ல நிறைந்து, வானம் இறங்கிவந்து படுக்கும் அளவுக்குப் பெரிதாயிற்று. மழை ஓய்ந்த ஒரு காலையில் முயலும் உடும்பும் பன்றியும் அல்லியும் ஒரே கரையில் வரிசையாகக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தன. தண்ணீரிலிருந்து கிளம்பிய புகையில் யார் யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இல்லாதவருக்குக் கொடுப்பவர், ஒதுக்கி வைக்கப்பட்டவரைத் தம் பக்கத்தில் சமமாக நிற்கவும் வைத்தால்தான் அந்த உதவி முழுமையாகும்.