கழுவிய கால்கள்

காலைக் கழுவிவிடுகிறோம் வாருங்கள் என்று கூப்பிட்டால், முதலில் வீட்டிலேயே கழுவிக்கொண்டு போவீர்களா?

எங்கள் உப்பளத்து ஊரில் அப்படித்தான். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, கோயில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். பன்னிரண்டு பேரும் சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி வருவார்கள். பிள்ளைக்குப் போடும் பவுடரைப் பூசி வருகிறவர்களும் உண்டு.

மணி அடித்து, கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் இஞ்ஞாசி வாசலில் நின்று ஒவ்வொரு காலாகப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

ஒரு வருசம் சலேத்தம்மாளை நிறுத்தினார். உப்பு வாருகிறவள். வெடித்து, புண்ணாகி, ஓரமெல்லாம் வெள்ளை பூத்த கால்.

"கழுவிட்டுத்தான் வந்தேன், உபதேசியாரே. போகமாட்டேங்குது."

"சாமி கை வைக்கிற காலா இது? அடுத்த வருசம் பாப்போம்."

மூன்றாவது வருசமாக அதையே சொன்னார். அவள் திரும்பிப் போனாள்.

பூசை முடிந்தது. கோயிலில் சாமியாரும் உபதேசியாரும் மட்டும்தான். சாமியார் உபதேசியாரைவிட முப்பது வயது இளையவர்.

"சாமி, நாப்பது வருசமா மணி அடிக்கேன். ஒருசந்தி நோன்பு தவறுனதில்ல. ஆனாலும் ஆண்டவர் என்னைச் சேத்துக்குவாரான்னு பயமா இருக்கு. நான் இன்னும் என்ன செய்யணும்?"

"உக்காருங்க."

உட்கார்ந்தார். சாமியார் துண்டையும் தண்ணீரையும் தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் மண்டியிட்டார்.

உபதேசியார் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். காலையிலிருந்து வெறுங்காலோடு பெஞ்சு இழுத்துப் போட்ட கால்.

"ஐயோ, அழுக்கு சாமி. இருங்க, குழாயடியில கழுவிட்டு வந்துர்றேன்."

"கழுவிட்டு வந்தா எனக்கு என்ன வேலை?"

எழப் போனவர் அப்படியே உட்கார்ந்தார்.

கழுவி முடித்ததும் தாம்பாளத்துத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. உபதேசியார் அதையே பார்த்தார்.

"மூணு வருசமா அந்தப் பொம்பளையை வாசலோட திருப்பி அனுப்பிட்டேன், சாமி" என்றார்.

சாமியார் துண்டை அவர் தோளில் போட்டார்.

மறுநாள் விடிந்ததும் உபதேசியார் சலேத்தம்மாள் வீட்டு வாசலில் தாம்பாளத்தோடு நின்றார்.

"கோயில் சாமானை இங்க எதுக்குக் கொண்டாந்தீங்க?"

அவர் மண்ணில் மண்டியிட்டார். சலேத்தம்மாள் பதறிப்போய்ச் சேலைக்குள் காலை மறைத்தாள்.

"இருங்க உபதேசியாரே. தேச்சுக் கழுவிட்டு வந்துர்றேன்."

"வேண்டாம் தாயி" என்றார். "அப்படியே நீட்டு."