பிலோமி மைனா தேடிய பாட்டுப் புத்தகம்

குளக்கரைக் காட்டில் ஒரு சின்ன மாதா கோவில் இருந்தது. அங்கே பூசைக்குப் பாடுகிற குழுவுக்குத் தலைவி பிலோமி என்ற மைனா. மரங்கொத்தியும் தவளையும் குயிலும் கூடப் பாடும்.

அணில் மார்த்தாளின் குட்டி குளத்தில் விழுந்து செத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை அடக்கப் பூசை. மார்த்தாள் மைனாவிடம் வந்தது.

"அக்கா, செத்தவங்களுக்காகப் பாடுற அந்தப் பழைய லத்தீன் இளைப்பாற்றிப் பாட்டைப் பாடுவீங்களா? நீங்க பாடினாத்தான் என் பிள்ளை அசையாமத் தூங்குவான்."

"பாடாம இருப்போமா!" என்றது மைனா.

உடனே ஒரு புத்தகத்தைத் திறந்தது. நாலு கோட்டின் மேல் சதுரம் சதுரமாகச் சுரங்கள். எல்லாம் கூடி முதல் வரியைப் பழகின.

"தாளம் எங்கே?" என்று மரங்கொத்தி கிளையைத் தட்டியது.

"இதுக்குத் தாளம் கிடையாது அண்ணே. வார்த்தை போற போக்குல போகணும். கொத்தாதீங்க."

அதற்குள் மைனாவுக்கு மனசு நிலைகொள்ளவில்லை. "மலைக்கோவில்ல இதைவிட நல்ல புத்தகம் இருக்காமே" என்று பறந்தது. அதைக் கொண்டுவந்து போட்டது. "ஆத்தோரக் கோவில்ல அர்த்தமும் போட்டிருக்காம்" என்று மறுபடி பறந்து அதையும் கொண்டுவந்தது.

"ரெண்டாவது வரிக்கு எப்போ போறது?" என்றது தவளை.

"கொஞ்சம் பொறுங்க. நல்லதாக் கிடைக்கட்டும்."

ஞாயிறு வந்துவிட்டது. மரங்கொத்தி, தவளை, குயில் மூன்றுக்கும் ஆளுக்கொரு புத்தகம் கையில். முதல் வரி பழகியது, ஒன்றாக வந்தது. இரண்டாவது வரியில் தவளை மேலே போனது, குயில் கீழே இறங்கியது. பாட்டு ஒன்றுதான். ஆனால் புத்தகத்துக்குப் புத்தகம் சுரம் கொஞ்சம் வேறே! மரங்கொத்தி பதறிப்போய்த் தட்டவே ஆரம்பித்துவிட்டது.

பாட்டு நின்றது.

"முடிஞ்சிருச்சா அக்கா?" என்று மார்த்தாள் மெல்லக் கேட்டது.

மைனா குழுவின் பக்கம் திரும்பியது. "புத்தகத்தையெல்லாம் மூடுங்க" என்றது. தெரிந்த அந்த ஒரு வரியையே, குழியை மூடும்வரை திரும்பத் திரும்பப் பாடின.

மார்த்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "நல்லா இருந்துச்சு அக்கா. ஆனா நீங்க எந்தப் பாட்டுப் பாடினாலும் அவன் ரெண்டாவது வரியிலதான் கண்ணை மூடுவான்."

கையிலிருப்பதைப் பழகாமல் இன்னும் நல்லதைத் தேடி ஓடிக்கொண்டே இருந்தால், வேண்டிய நேரத்தில் நம்மால் கொடுக்க முடிவது பாதிதான்.