வெள்ளிமின்னலிடம் செம்பி கேட்ட கேள்வி

மலைச்சரிவுக் காட்டில் செம்பி என்றொரு அணில் இருந்தது. வீட்டுக் கூரையில் ஓடுகிற சின்ன அணில் அல்ல. பூனை அளவுக்குப் பெரிய மலையணில். செம்மண் நிறத்தில் முதுகு. உடம்பைவிட நீளமான வால். அதன் வாயிலிருந்து எப்போதும் ஏதாவது ஒரு கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

அடிவாரத்து ஊரில் ஒரு குதிரைப் பந்தய மைதானம் இருந்தது. கோடை வந்துவிட்டால் அங்கிருந்து ஒரு சத்தம் காட்டுக்குள் ஏறி வரும். முதலில் முணுமுணுப்பு. பிறகு இரைச்சல். அப்புறம் 'ஹோ'வென்று ஒரே கூச்சல். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

"அங்கே என்ன நடக்குது?" என்று செம்பி எல்லாரிடமும் கேட்டது.

"மனுஷங்க சண்டை போடுறாங்க" என்றது காட்டுப்பன்றி.

"யாருக்கோ கல்யாணம்" என்றது மயில்.

"குதிரைங்களைப் புலி துரத்துது. அதை மனுஷங்க வேடிக்கை பார்க்கிறாங்க!" என்றது முள்ளம்பன்றி. அது காட்டைத் தாண்டிப் போனதே இல்லை. ஆனாலும் உறுதியாகச் சொன்னது.

எந்தப் பதிலும் செம்பிக்குப் போதவில்லை. ஒரு நாள் காலையில் அது பக்கத்துப் பலாமரத்துக் குரங்கிடம் போனது. குரங்கின் பெயர் தாடியன். பெரிய குடும்பம். மனைவி, மக்கள், பேரக்குட்டிகள் என்று அத்தனையும் அந்த ஒரு பலாமரத்தை நம்பித்தான் கோடையைக் கழித்தன.

"தாடி மாமா, அந்த மைதானத்தை ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாமா?"

"போலாமே! எனக்கும் கை காலெல்லாம் துறுதுறுன்னு இருக்கு!"

இரண்டும் கிளைக்குக் கிளை தாவி மலையிறங்கின. மைதானத்து வேலியோரம் ஒரு தூங்குமூஞ்சி மரம் குடைபோல் விரிந்து நின்றது. அதன் உச்சிக்கு ஏறிப் பார்த்த செம்பி வாயைப் பிளந்தது.

எவ்வளவு பெரிய புல்வெளி! அதைச் சுற்றி வெள்ளைக் கம்பி வேலி. ஒரு பக்கம் படிப்படியாக உயர்ந்த கூடம். அதில் நெருக்கியடித்துக்கொண்டு மனிதர்கள். தொப்பி போட்டவர்கள், குடை பிடித்தவர்கள், கடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு தின்ன மறந்தவர்கள். சிலர் கண்ணில் இரட்டைக் குழாயை வைத்துத் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மரத்தில் ஒரு மைனா குடியிருந்தது. மனிதர்கள் பேச்செல்லாம் அதற்கு அத்துப்படி. செம்பி அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"மைனாக்கா, குதிரை மேலே உட்கார்ந்திருக்கிறவங்க எல்லாரும் ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்காங்க?"

"குதிரைக்குப் பாரம் குறையணும்ல!"

"சட்டையெல்லாம் ஏன் இப்படிக் கண்ணைப் பறிக்குது?"

"தூரத்திலிருந்து பார்த்தா எந்தக் குதிரைன்னு தெரியணுமே!"

"சரி, எந்த ஊருக்குப் போறதுக்காக ஓடுறாங்க?"

"எந்த ஊருக்கும் போகலை. ஒரு சுற்றுச் சுற்றி இங்கேயே வந்து நிப்பாங்க."

"அப்புறம் எதுக்குக் குதிரைங்க ஓடணும்?"

மைனா அலகைத் திறந்தது. "எத்தனை வருஷமா இங்கே இருக்கேன்! அதை நான் கேட்டதே இல்லையே!" என்றது.

அதற்குள் மணி அடித்தது. குதிரைகள் பாய்ந்தன. தரை அதிர்ந்தது. அந்த அதிர்வு மரத்தின் வழியாக ஏறிச் செம்பியின் பாதத்தைத் தொட்டது. புல்லும் மண்ணும் தெறித்தன. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. தாடியன் எந்தக் குதிரைக்கு என்று தெரியாமலே கத்தியது. கிளையைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் மைனாவின் கூடே ஆடிப்போனது.

"இதுதானா நம்ம காட்டுக்குக் கேட்கிற சத்தம்!" என்றது செம்பி.

அப்போது மரத்தடிப் புதரிலிருந்து ஒரு நரி தலையை நீட்டியது. அதுவும் அந்தக் காட்டு நரிதான். அடிக்கடி ஊருக்குள் போய் வரும்.

"தாடியண்ணே! அடுத்த ஓட்டத்துல வெள்ளிமின்னல் ஓடுது. இதுவரைக்கும் தோத்ததே இல்லையாம். நாம ரெண்டு பேரும் ஒரு பந்தயம் கட்டுவோமா?"

"என்ன பந்தயம்?"

"வெள்ளிமின்னல் ஜெயிச்சா, நாயே இல்லாத ஒரு வாழைத்தோட்டத்துக்கு உனக்கு வழி காட்டுறேன். ஜெயிக்கலைன்னா, இந்தக் கோடை முழுக்க உன் பலாமரம் எனக்கு. பழத்தைப் பறிச்சுக் கீழே போடுறதும் உன் வேலை."

கூடத்தில் ஜனங்கள் "மின்னல்! மின்னல்!" என்று கத்தத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கூச்சல் தாடியனின் தலைக்கு ஏறியது.

செம்பி குறுக்கிட்டது. "நரியண்ணே, ஊரே அது ஜெயிக்கும்னு சொல்லுது. நீ மட்டும் ஏன் ஜெயிக்காதுன்னு கட்டுறே?"

"சும்மா ஒரு விளையாட்டுக்குத்தான்! இந்த அணிலுக்குக் கேள்வி கேட்கலைன்னா சாப்பாடு செரிக்காது!" என்று நரி சிரித்தது. தாடியனும் சேர்ந்து சிரித்தது.

"கட்டிட்டேன்! மைனா, நீதான் சாட்சி!" என்றது தாடியன்.

செம்பிக்கு மனசு ஒப்பவில்லை. "நான் ஓடுறவங்ககிட்டயே கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வேலியோரமாகவே ஓடிக் குதிரை லாயத்தின் ஓட்டுக் கூரையில் ஏறியது. உடைந்த ஓடு ஒன்றின் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தது.

வெள்ளிமின்னல் தனியாக நின்றது. பால் நிறப் பெண்குதிரை. வலது முன்னங்காலின் குளம்பு தரையில் பட்டும் படாமலும் இருந்தது.

"அக்கா! நான் மேலே காட்டிலிருந்து வந்த அணில். உங்க காலுக்கு என்ன ஆச்சு?"

குதிரை திடுக்கிட்டுக் காலை ஊன்றியது. உடனே அதன் தோல் சிலிர்த்தது. "ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் சிலிர்க்குது?"

குதிரை தலையை உயர்த்தி அணிலைப் பார்த்தது. பிறகு மெதுவாகச் சொன்னது. "காலையில ஓடிப் பழகும்போது சுளுக்கிக்கிச்சு. மஸ்தான் வந்து பார்த்தப்போ நேரா ஊன்றி நின்னுட்டேன். அவர்தான் என்னைக் கவனிச்சுக்கிறவர். அவருக்குத் தெரியாது."

"வேற யாருக்கும் தெரியாதா?"

"ஒரு நரிக்குத் தெரியும். மஸ்தான் அந்தப் பக்கம் போனதும் உள்ளே வந்துச்சு. என் காலை உத்து உத்துப் பார்த்துச்சு. சிரிச்சுக்கிட்டே போயிடுச்சு."

செம்பியின் வால் விறைத்தது. நரியின் விளையாட்டு இப்போது புரிந்தது. இந்தக் குதிரை ஓடினாலும் தாடியன் தோற்கும். ஓடாவிட்டாலும் தோற்கும். ஆனால் அந்தக் காலைப் பார்க்கப் பார்க்கப் பலாமரத்தின் நினைவு பின்னுக்குப் போனது.

"அக்கா, வலியை ஏன் மறைக்கிறீங்க?"

"காட்டினா ஓட விடமாட்டாங்க. வெளியே கேட்குதா? எல்லாரும் என் பேரைத்தான் கூப்பிடுறாங்க."

"அவங்க கூப்பிடுறதுக்காகவா ஓடுறீங்க?"

இதுவரை யாரும் அந்தக் குதிரையிடம் இப்படிக் கேட்டதில்லை. அது காதுகளை முன்னும் பின்னும் அசைத்தது. யோசித்தது.

"இல்லை. ஓட ஓட எல்லாக் குதிரையும் பின்னாடி போயிடும். முன்னால யாருமே இருக்கமாட்டாங்க. காத்து மட்டும்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக ஓடுறேன்."

"இன்னிக்கு அது கிடைக்குமா?"

வெள்ளிமின்னல் தன் காலைக் குனிந்து பார்த்தது. "கிடைக்காது. இன்னிக்கு என் நினைப்பெல்லாம் இந்தக் கால் மேலதான் இருக்கும்."

"ஓடும்போது விழுந்துட்டா?"

"பின்னாடி வர்றவங்க என் மேல வந்து விழுவாங்க." குதிரையின் குரல் தணிந்தது. "என் மேல உட்கார்ந்திருக்கிறவரும்..."

அது முடிக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மஸ்தான் கடிவாளத்தோடு உள்ளே வந்தார். "வாம்மா, நேரமாச்சு!"

வெள்ளிமின்னல் ஒரு அடி எடுத்து வைத்தது. இந்த முறை மறைக்கவில்லை. நன்றாக நொண்டியது.

"அடடா! என்னம்மா இது?" மஸ்தான் கடிவாளத்தை அப்படியே போட்டுவிட்டு மண்டியிட்டுக் காலைத் தடவினார். "இவ்வளவு சூடா இருக்கே! டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று வெளியே பார்த்துக் கத்தினார்.

செம்பி ஓட்டின் மேல் நின்று எல்லாவற்றையும் பார்த்தது. டாக்டர் வந்து காலை அழுத்திப் பார்த்து, இன்று ஓட வேண்டாம் என்று தலையை ஆட்டிய பிறகுதான் அதற்கு மூச்சே வந்தது. மரத்தை நோக்கி ஓடியது.

ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. மைனா அதை எடுத்துச் சொன்னது. "இந்த ஓட்டத்துல வெள்ளிமின்னல் கலந்துக்காதாம். அவ்வளவுதான் சொன்னாங்க."

கூட்டம் 'ச்சே' என்றது. தாடியன் கிளையைக் கட்டிக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தது. கீழே நரி துள்ளிக் குதித்தது.

"வெள்ளிமின்னல் ஜெயிக்கலை! ஓடினாத்தானே ஜெயிக்கும்! பலாமரம் எனக்கு!"

செம்பி இறங்கி வந்து தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தது. ஒன்றும் தெரியாததுபோல் கேட்டது. "பாவம், இவ்வளவு நல்ல குதிரை! அது ஏன் ஓடலை நரியண்ணே?"

சந்தோஷத்தில் நரிக்கு நாக்கு நிற்கவில்லை. "வேற என்ன? கால் சுளுக்குத்தான்! வலது முன்னங்காலைக் கீழேயே ஊன்ற முடியலையே!"

மைனா வெடுக்கென்று திரும்பியது. "காரணத்தை யாரும் சொல்லவே இல்லையே! உனக்கு எப்படித் தெரியும்?"

"அது... நானா ஒரு குத்துமதிப்பா..."

"வலது காலு, அதுவும் முன்னங்காலுன்னு குத்துமதிப்பா தெரியுமா?" என்றது செம்பி. "காலையிலேயே லாயத்துக்குள்ள வந்து பார்த்துட்டுச் சிரிச்சியாமே! வெள்ளிமின்னலே என்கிட்ட சொல்லிச்சு!"

நரி மெல்லப் பின்வாங்கியது.

"முடிவு தெரிஞ்சவன் கட்டுறது பந்தயமே இல்லை! சாட்சி நான் சொல்றேன், இது செல்லாது!" என்று மைனா கத்தியது.

மைனாவின் சத்தத்தைக் கேட்டுக் கூடத்துக் கூரையிலிருந்த காக்கைகளெல்லாம் என்ன ஏது என்று பறந்து வந்தன. விஷயம் தெரிந்ததும் நரியின் முதுகில் மாறி மாறிக் கொத்தின. நரி வாலை இடுக்கிக்கொண்டு வேலிக்கடியில் நுழைந்து மறைந்தது.

தாடியன் செம்பியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "பேரக்குட்டிங்க முகத்துல எப்படி முழிச்சிருப்பேன் செம்பி? எல்லாரும் கத்தினாங்க, நானும் கத்தினேன். அந்தக் குதிரை நல்லா இருக்கான்னு கேட்கணும்னு தோணவே இல்லையே!"

"அதான் ஒண்ணும் ஆகலையே மாமா. ஓட்டம் ஆரம்பிக்கப் போகுது, பாருங்க!"

மணி அடித்தது. குதிரைகள் ஒரு வளைவில் மறைந்து இன்னொரு வளைவில் வந்தன. ஒரு செம்பட்டைக் குதிரையும் ஒரு கருப்புக் குதிரையும் மூக்கோடு மூக்கு வைத்து ஓடின.

"எது ஜெயிக்கும்?" என்று கேட்டது தாடியன்.

"தெரியலையே! அதனாலதானே பார்க்கிறோம்!"

செம்பட்டைக் குதிரை கடைசி நொடியில் கழுத்தை நீட்டி முந்தியது. அணிலும் குரங்கும் தொண்டை வறளக் கத்தின. பொழுது சாய்ந்ததும் மைனாவிடம் விடைபெற்றுக்கொண்டு மலையேறின. வழி நெடுகத் தாடியன் ஓயவே இல்லை. "குதிரை நின்னுக்கிட்டேவா தூங்கும்? அந்த இரட்டைக் குழாய்ல பார்த்தா நம்ம காடு தெரியுமா? டாக்டர் அந்தக் காலுக்கு என்ன மருந்து போடுவாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தது. பதில் தெரிந்தவற்றுக்குச் செம்பி பதில் சொன்னது. தெரியாததைத் தெரியாது என்றது.

ஊரே ஒன்றாகக் கத்துகிறதே என்று நம்பிவிடாமல், யாருடைய விஷயமோ அவரிடமே நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்பவரை எந்தத் தந்திரக்காரராலும் ஏமாற்ற முடியாது.