குடை பிடித்து ஊற்றிய தண்ணீர்

“ஒரே ஒரு சொல்லு சொல்லுங்க தாயி. சாகுற வரைக்கும் அதைப் பிடிச்சுக்கிடுதேன்.”

சங்கரநயினார் இப்படிக் கேட்டது ஆற்றங்கரை மடத்தில், ஓர் ஆவணி மாதக் காலையில். கேட்கப்பட்டவர் மடத்தின் துறவி குழலம்மா. நயினாருக்கு மகள் வயது இல்லையென்றாலும் கடைசித் தங்கை வயதுதான் இருக்கும். முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“இப்ப எந்தச் சொல்லைப் பிடிச்சிருக்கீங்க அண்ணாச்சி?”

நயினாருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னார்.

போன மார்கழியில் அவருடைய ஒரே மகள் உலகம்மை, புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து நின்றாள். அடி தாங்க முடியவில்லை, இனி அங்கே போகமாட்டேன் என்றாள். நயினார் வாசலை மறித்து நின்றார்.

“வாழப் போன வீட்டை விட்டு வந்தவ என் வாசலை மிதிக்கப்படாது.”

அவள் பெட்டியைக் கீழேகூட வைக்கவில்லை. வந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டாள். இப்போது தென்காசியில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள் என்று கேள்வி.

ஊர்ப் பஞ்சாயத்தில் நயினார் ஒன்றைச் சொன்னால் மறுபேச்சு கிடையாது. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பவர்கள் உண்டு. முகத்துக்கு நேரே சிரிக்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

“சொன்ன சொல்லு மாறுனா நான் மனுசனா தாயி? ஆனா தூக்கம் வரமாட்டேங்கு. வீட்டுக்காரி சோத்தைப் போடுதா, பேசமாட்டேங்கா.”

குழலம்மா கீரைக் காம்பை ஒதுக்கினார்.

“வீட்டுல பூச்செடி உண்டா?”

“ஒரு மல்லி இருக்கு. பூத்து ரொம்ப நாளாச்சு.”

“அது பூக்கட்டும். பூத்ததும் வாங்க, சொல்லு தாரேன்.”

“பூக்கிறதுக்கு என்ன செய்யணும்?”

“தண்ணி ஊத்துங்க.”

அவ்வளவுதான். குழலம்மா கீரையோடு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நயினார் ஊற்றினார். காலையில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம். காய்ந்து கிடந்த செடி, புரட்டாசி முடிவதற்குள் பச்சை பிடித்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவர் தவறுகிற ஆளா?

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது.

தெருவில் முழங்கால் தண்ணீர். கூரையெல்லாம் ஒழுகுகிறது. நயினார் இடது கையில் குடையும் வலது கையில் குடமுமாகப் புறவாசலுக்குப் போய், கொட்டுகிற மழையில் மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றினார்.

அடுப்படி ஜன்னல் வழியாக மனைவி பிரமு பார்த்தாள். முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள்.

மகள் போன நாளிலிருந்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை. நயினாருக்குக் கோபம் வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் வெளியே காட்டிக்கொள்ளாமல் மிச்சத் தண்ணீரையும் ஊற்றிவிட்டு வந்தார்.

செடியின் இலைகள் பழுத்துக் கொட்டத் தொடங்கின.

மடத்துக்கு ஓடினார். “ஊத்தச் சொன்னீங்க. ஊத்துனேன். அழுகுது.”

குழலம்மா எழுந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். தூரில் தேங்கி நின்ற தண்ணீரை ஒரு வாய்க்கால் வெட்டி வெளியே விட்டார்.

“இனி ஊத்தாதீங்க.”

மழை விட்டது. கார்த்திகையில் செடி பிழைத்தது. மார்கழிப் பனியில் இலையும் தழையுமாகக் கொழுத்து நின்றது. ஒரு மொட்டு இல்லை.

“நல்லா வளர்ந்துட்டு தாயி. இப்ப ஒரு குடம் ஊத்தட்டுமா?”

“ஒரு சொட்டு ஊத்தாதீங்க. காயட்டும்.”

காய்ந்தது. துளிர்கள் தொங்கிப்போயின. நயினாருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. புறவாசல் கதவை அடைத்துவிட்டு முன்வாசலில் உட்கார்ந்தார். முன்வாசலோ, அவர் அன்றைக்கு மகளை மறித்து நின்ற இடம். அங்கேயும் இருக்க முடியவில்லை. எழுந்து தெருவில் நடந்தார்.

தை பிறந்து ஒரு காலையில் குழலம்மா அரிவாளோடு வந்தார். மிச்சமிருந்த இலைகளையெல்லாம் உருவிப் போட்டார். அரிவாளை நயினார் கையில் கொடுத்தார்.

“முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்க.”

“நான் வளர்த்தது தாயி.”

“தெரியும்.”

வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் நாலைந்து குச்சிகள் நின்றன. பிரமு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

குழலம்மா தூரைக் கொத்திவிட்டார். சாணி எரு வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்:

“இனி தண்ணி ஊத்துங்க.”

நயினாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்ன தாயி விளையாடுதீங்களா? ஊத்துன்னீங்க. ஊத்தாதேன்னீங்க. காயப் போடுன்னீங்க, வெட்டுன்னீங்க. இப்ப மறுபடி ஊத்தணுமாம். ஒரே நாக்குதானே உங்களுக்கு? இதுல எந்தச் சொல்லை நான் பிடிச்சுக்க?”

குழலம்மா குடத்தை எடுத்து அவர் இடுப்பில் இடிக்கிற மாதிரி நீட்டினார்.

“வெயில் ஏறுது அண்ணாச்சி.”

முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினார்.

மாசியில் குச்சிகளின் கணுவெல்லாம் துளிர்த்தது. நயினார் இப்போது குடத்தைத் தூக்குவதற்கு முன் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஈரமிருந்தால் குடத்தைத் திரும்ப வைத்தார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் விடிந்தபோது செடி முழுக்க மொட்டு. இலையைவிட மொட்டு அதிகம். நயினார் சின்னப் பிள்ளை மாதிரி உரக்கச் சத்தம் போட்டார்.

“ஏ பிரமு! இங்க வந்து பாரு!”

அவள் வந்தாள். பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு” என்றாள். மகள் போன மார்கழிக்குப் பிறகு மறு மார்கழியும் கடந்து, அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

மொட்டுகளைப் பறித்து வாழையிலையில் பொதிந்துகொண்டு மடத்துக்குப் போனார்.

“பூத்துட்டு தாயி. சொல்லைத் தாங்க.”

குழலம்மா பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“கட்டத் தெரியுமா அண்ணாச்சி?”

“எனக்கு எங்க தெரியும்.”

“வீட்டுல?”

“அவளுக்கு விரல்ல வாதம், நாரைப் பிடிக்க முடியாது. எங்க வீட்டுல பூக் கட்டுறதெல்லாம் உலகுதான்...”

நயினார் நிறுத்திக்கொண்டார். மகள் பெயரை அவர் வாயால் சொல்லி எத்தனையோ நாளாகியிருந்தது.

குழலம்மா இலையை மடித்து, அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

“அப்ப சீக்கிரம் போங்க. சாயங்காலம் விரிஞ்சிரும்.”

நயினார் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

தென்காசியில் விசாரித்துக் கண்டுபிடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. சின்னக் கடை. உலகம்மை மிஷினில் குனிந்திருந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் நிமிர்ந்து பார்த்த கண்ணில் பயம் இல்லை. மிஷின் நின்றது.

நயினார் கடை வாசலில் நின்றார். படியில் கால் வைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வாசலுக்கு வெளியே நின்று வெட்கப்பட்டார்.

“உள்ள வாங்கப்பா” என்றாள் உலகம்மை.

அவர் பொட்டலத்தை நீட்டினார்.

“இதைக் கட்டணும்.”

அவள் பிரித்தாள். ஒரு மொட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இங்க வச்சுக் கட்டித் தரட்டுமா?”

“வீட்டுக்கு வந்து கட்டு.”

“வாசலை மிதிக்கப்படாதுன்னு சொன்னீங்களே?”

“அது மார்கழியில சொன்னதும்மா. இப்ப பங்குனி.”