பொட்டுக்காரி படுத்த மத்தியானம்

மாசிலாமணியிடம் குதிரை இருந்தது. இருந்தும் அன்று மலையடிவாரத்துக்கு அவர் நடந்துதான் வந்தார். குதிரை பின்னால் வந்தது. வழியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். ஏறி உட்கார்ந்து, பாதி வழியில் அது விழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது?

அடிவாரத்தில் ஒரு பெரிய பாறை. பாறைக்குப் பின்னால் சுனை. முன்னால், நிழலில், ஓர் அம்மையார் இருந்தார். ஊரார் அவரைச் சுனையம்மா என்பார்கள். மாசிலாமணியைவிட வயதில் இளையவர். ஆனாலும் தலை நரைத்த மாசிலாமணி பல வருடங்களாக அவருக்குச் சீடர். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற அந்த மனிதர் பயப்படாமல் உட்காரும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அன்று அங்கேயும் பயந்துகொண்டே உட்கார்ந்தார்.

“அம்மா, பொட்டுக்காரி போயிடுவா போலிருக்கு.”

பொட்டுக்காரி என்பது அந்தக் குதிரைதான். உடம்பெல்லாம் செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. பெண்டாட்டியும் போய், முன்பிருந்த குதிரையும் போன பிறகு, வீட்டில் அவர் பேசுவதற்கென்று இருந்த ஒரே உயிர்.

“என்ன செய்யுது அவளுக்கு?” என்றார் சுனையம்மா.

“நின்னுக்கிட்டே இருக்கறப்போ முன்னங்கால் மடங்குது. தலை தொங்குது. விழப்போற நேரத்துல திடுக்குன்னு முழிச்சு நிமிர்றா. சில நேரம் விழுந்தே போறா. முட்டியைப் பாருங்க.”

குதிரையின் முட்டியில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினார். தோல் உரிந்திருந்தது. அதன்மேல் வேப்பெண்ணெய், வேப்பெண்ணெய்க்கு மேல் மஞ்சள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு பூசமாட்டார்கள்.

“வைத்தியர் பார்த்தாரா?”

“சுத்துப்பட்டு வைத்தியரெல்லாம் பார்த்தாச்சு. நாக்கு நல்லாருக்கு, மூச்சு நல்லாருக்கு, லத்தி நல்லாருக்குங்கறாங்க. எல்லாம் நல்லாருக்கற குதிரை எதுக்கும்மா விழுது?”

“தின்கிறாளா?”

“தின்றா. கொள்ளை ஊறவெச்சு, நான் ஒரு வாய் மென்னு பார்த்துட்டுத்தான் போடறேன்.”

“தூங்குறாளா?”

“குதிரை நின்னுக்கிட்டே தூங்குமேம்மா.”

“படுக்கவே படுக்காதா?”

மாசிலாமணியின் முகம் வெளிறிப்போனது.

“படுக்க விடுவேனா? முன்னே கருப்பின்னு ஒருத்தி இருந்தாளே, அவ நல்லாத்தான் இருந்தா. ஒருநாள் படுத்தா. வயித்துச் சூலை. உருண்டா, புரண்டா, எழவே இல்ல. படுக்கறப்பவே பிடிச்சு நிறுத்தி நடக்க விட்டிருந்தா பிழைச்சிருப்பாளேன்னு வைத்தியர் சொன்னார். அந்தச் சொல் இன்னும் காதுக்குள்ளயே கிடக்கும்மா. இவ வந்த அன்னைக்கே கயித்தைக் குட்டையா உத்தரத்தோட சேர்த்துக் கட்டிட்டேன். அதையும் மீறி மடங்கினா, பக்கத்துலயே காவல் உட்கார்ந்திருக்கேன், ஒரு தட்டு தட்டி நிமிர்த்திடுவேன்.”

“அப்போ நீங்க எப்போ தூங்குவீங்க?”

“எனக்கெதுக்கும்மா தூக்கம்? இவ பிழைப்பாளா, அதை மட்டும் சொல்லுங்க.”

“எனக்குக் குதிரையைப் பத்தி ஒண்ணும் தெரியாது” என்றார் சுனையம்மா. “வெயில் தாழட்டும். அவளை நிழல்ல கட்டிட்டு வந்து உட்காருங்க.”

மாசிலாமணி குதிரையைப் புங்கமரத்தின் தாழ்ந்த கிளையில் கட்டினார். இங்கேயும் குட்டையாகத்தான். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து பாறையில் சாய்ந்தார். பாறை குளிர்ந்திருந்தது. காற்றும் வந்தது. எனக்கெதுக்குத் தூக்கம் என்று கேட்ட மனிதர் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார்.

தோளில் யாரோ தட்டினார்கள். விழித்தார். சுனையம்மா கைத்தடியோடு நின்றிருந்தார்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல.”

மறுபடி கண் அசந்தது. மறுபடி தட்டு. இந்த முறை அவருடைய மூக்குக்கு எதிரே ஒரு கை இருந்தது.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. மூச்சு வருதான்னு பார்த்தேன்.”

மாசிலாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. குருவிடம் எதிர்க்கேள்வி கேட்டும் பழக்கமில்லை. பாறையிலிருந்து அப்படியே சரிந்து தரையில் கையைக் காலை நீட்டிவிட்டார். அவ்வளவுதான், சுனையம்மாவின் குடத்திலிருந்த தண்ணீர் முழுவதும் அவர் முகத்தில் விழுந்தது.

“எழுந்திருங்க, எழுந்திருங்க! நடங்க!”

பதறி எழுந்தார். நடந்தார். எங்கே நடக்கிறோம் என்றே தெரியவில்லை. நாலு எட்டு போவதற்குள் கால் மடங்கி, கல்லில் முட்டி மோதி விழுந்தார். அத்தனை வருடங்களில் குருவின் முன் குரல் உயர்த்தாதவர் அன்று கத்தினார்.

“தூங்கத்தானேம்மா செஞ்சேன்! ஏன் என்னை இப்படிக் கொல்றீங்க?”

“படுத்துட்டீங்க” என்றார் சுனையம்மா. “பயமா இருந்துச்சு.”

மாசிலாமணிக்கு முட்டி எரிந்தது. குனிந்து பார்த்தார், தோல் உரிந்திருந்தது. பிறகு மெல்லத் திரும்பிப் பொட்டுக்காரியைப் பார்த்தார்.

அவள் கண் செருகியிருந்தது. தலை தொங்கியது. முன்னங்கால் மடங்கியது. கயிறு விறைத்து அவள் கழுத்தைப் பிடித்து நிறுத்தியது. அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

அவர் எழுந்து ஓடினார். கைக்கு முடிச்சு அவிழவில்லை. தானே போட்ட முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

பொட்டுக்காரி உடனே படுக்கவில்லை. தரையை முகர்ந்தாள். அவர் கையைப் பார்த்தாள். அடி விழும் என்று காத்திருக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. அழுகை வந்தது. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அவள் முன்னங்காலை மடித்தாள். பின்னங்காலை மடித்தாள். ஒரு பெருமூச்சோடு பக்கவாட்டில் சாய்ந்து, கழுத்தைத் தரையில் போட்டு, நாலு காலையும் நீட்டிவிட்டாள்.

கருப்பியும் கடைசியில் இப்படித்தான் கிடந்தாள். மாசிலாமணி மறைத்து வைத்த கை தானாக மேலே வந்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்து நிறுத்தினார். குதிரையின் கால் ஒன்று வெடுக்கென்று உதறியது. கண்ணிமை துடித்தது. அது கனவா, சூலையா? அவருக்குத் தெரியவில்லை.

“அம்மா, எழுந்திருச்சிடுவாளா?”

“தெரியாது.”

சுனையம்மா காலிக் குடத்தை எடுத்து அவரிடம் நீட்டினார்.

மாசிலாமணி குடத்தை வாங்கினார். பாறையைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார்.

“சுனை பாறைக்குப் பின்னால இருக்கேம்மா. அங்க போனா இவ கண்ணுக்குத் தெரியமாட்டாளே.”

“ஆமா” என்றார் சுனையம்மா. “குடம் நிறைய மொண்டுட்டு வாங்க. எழுந்தா தாகமா இருக்கும்.”